பெயரை மறைத்தால் போதுமா?

வட இந்திய நகரம் ஒன்றில் நான் பணியாற்றியபோது நிகழ்ந்தது இது. எட்டாம் வகுப்பு மாணவர் நாற்பதின்மரிடம் ஆளுக்கொரு தாளைக் கொடுத்தேன். "பள்ளியில் உங்கள் மனத்தை வருத்துவது எது? ஒளிக்காமல் எழுதுங்கள், பெயர் எழுத வேண்டா" என்றேன். எழுதி முடித்ததும் தாள்களை வாங்கிக் கலைத்து, ஒவ்வொன்றாக எடுத்து உரக்கப் படித்தேன்.

ஒரு தாளில், "நான் உணவுப் பெட்டியைத் திறந்ததும் அருகில் இருப்பவர்கள் மூக்கைப் பிடித்துக்கொள்கிறார்கள். புளியோதரை கெட்டுப்போன சோறு அன்று என்று இவர்களுக்கு எப்படிச் சொல்வேன்?" என்று இந்தியில் எழுதியிருந்தது. நான் படித்து முடிப்பதற்குள் வகுப்பு முழுவதும் ஒரே இருக்கையை நோக்கித் திரும்பிவிட்டது. அவ்வகுப்பில் புளியோதரை கொண்டுவருபவன் ஒருவனே.

அடுத்த சில நாள்கள் அம்மாணவன் உணவுப் பெட்டியைத் திறக்கவே இல்லை. பெயரைக் கேட்காததனால் அவனைக் காத்துவிட்டதாக நான் எண்ணியிருந்தேன். பிழை என்னுடையதே.

மாணவர்களே! அன்று அந்த வகுப்பறையில் நிகழ்ந்த பிழை, இணையத்தில் நாள்தோறும் நிகழ்கிறது. பெயரை மறைத்தால் ஆள் மறைந்துவிடுவாரா? இப்பாடத்தில் அதனை ஆராய்வோம்.

மூன்று சொற்கள்

தனியுரிமை, அடையாள மறைவு, தகவல் பாதுகாப்பு ஆகிய மூன்றையும் பலர் ஒன்றெனக் கருதுகின்றனர். அவை வெவ்வேறானவை. ஊரில் உள்ள பாட்டிக்கு நீங்கள் கடிதம் எழுதுவதாகக் கொள்வோம்.

எதைப் பாட்டிக்குச் சொல்வது, எதைச் சொல்லாமல் விடுவது, அக்கடிதத்தை வேறு யார் படிக்கலாம் என்பவற்றை நீங்களே முடிவு செய்கிறீர்கள். அந்த முடிவு உங்களுடையது என்பதே தனியுரிமை. கடிதத்தை அஞ்சல் அட்டையில் எழுதினால் வழியில் எவரும் படிக்க இயலும். உறையில் இட்டு ஒட்டினால் இயலாது. அந்த உறை தகவல் பாதுகாப்பு. எழுதியவர் யார் என்று தெரியாதவாறு கையொப்பம் இடாமல் அனுப்பினால் அது அடையாள மறைவு.

இன்னொன்றையும் கவனியுங்கள். உறை ஒட்டப்பட்டிருந்தாலும், யாருக்குச் செல்கிறது, எந்த ஊரில் அஞ்சல் முத்திரை குத்தப்பட்டது, எந்த நாளில் அனுப்பப்பட்டது என்பன வெளியே தெரிகின்றன. இணையத்திலும் அவ்வாறே. செய்தியின் உள்ளடக்கம் மறைக்கப்பட்டிருந்தாலும், யார் யாருடன் எப்பொழுது தொடர்பு கொண்டனர் என்பதைச் சேவை வழங்கும் நிறுவனம் அறிய இயலும். உறைக்கு வெளியே உள்ளவையும் நம்மைப் பற்றிப் பேசும்.

ஆளுநரின் மருத்துவக் குறிப்பு

அமெரிக்க நாட்டின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் 1990களின் நடுவில் ஒரு நிகழ்ச்சி நடந்தது. அரசு ஊழியர்களின் மருத்துவக் குறிப்புகளை அம்மாநிலத்தின் காப்பீட்டு அமைப்பு ஆய்வாளர்களுக்கு வழங்கியது. பெயர், முகவரி போன்றவை நீக்கப்பட்டிருந்தன. ஆகவே, எவருடைய நோயும் வெளிப்படாது என்று நம்பினர். ஆனால், பிறந்த நாள், பால், அஞ்சல் குறியீட்டு எண் ஆகிய மூன்றும் அப்படியே இருந்தன.

அப்பொழுது எம்.ஐ.டி. நிறுவனத்தில் ஆய்வு மாணவியாக இருந்தவர் லட்டான்யா ஸ்வீனி. அம்மாநில ஆளுநர் வில்லியம் வெல்டு கேம்பிரிட்ஜ் நகரில் வாழ்ந்தவர். ஸ்வீனி 20 டாலர் கொடுத்து அந்நகரின் வாக்காளர் பட்டியலை வாங்கினார். அதில் பெயரும் இருந்தது. பிறந்த நாள், பால், அஞ்சல் எண் ஆகியனவும் இருந்தன. ஆளுநர் பிறந்த அதே நாளில் பிறந்தோர் அப்பட்டியலில் ஆறு பேர். அவர்களுள் ஆண்கள் மூவர். ஆளுநரின் அஞ்சல் எண்ணைக் கொண்டவர் ஒருவரே. பெயரில்லாத குறிப்புகளுள் ஆளுநருடையது எது என்பது இவ்வாறு வெளிப்பட்டது.

அமெரிக்காவின் 1990ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பைக் கொண்டு அவர் மேலும் ஆராய்ந்தார். அம்மூன்று செய்திகளை மட்டும் வைத்து அந்நாட்டு மக்களுள் ஏறத்தாழ 87 விழுக்காட்டினரைத் தனித்துக் காட்ட இயலும் என 2000ஆம் ஆண்டில் மதிப்பிட்டார். தனித்தனியே பார்த்தால் இம்மூன்றும் தீங்கற்றவை. ஒன்று சேரும்போதே அவை ஆளைக் காட்டிக்கொடுக்கின்றன.

சல்லடை நமக்குச் சிறியது

இதனை நம் பள்ளியில் வைத்து எண்ணிப் பாருங்கள். ஒரு பள்ளியில் 1,200 பேர் பயில்வதாகக் கொள்வோம். "நான் எட்டாம் வகுப்பு" என்றால் 80 பேர் எஞ்சுவர். "மாணவி" என்றால் 38 பேர். "வீட்டில் தமிழ் பேசுவோம்" என்றால் இருவர். "தம்பி மூன்றாம் வகுப்பில் படிக்கிறான்" என்றால் ஒருத்தி. பெயர் எங்கும் எழுதப்படவில்லை. ஆயினும் ஆள் கிடைத்துவிட்டாள்.

மதுரையில் பயிலும் மாணவி "வீட்டில் தமிழ் பேசுவோம்" என்று எழுதினால் அச்செய்தி அவளைத் தனித்துக் காட்டாது. சுற்றியுள்ளோர் பெரும்பாலோர் தமிழ் பேசுவோரே. அதே செய்தியை ஜபல்பூரிலோ குவாஹாட்டியிலோ பயிலும் நீங்கள் எழுதினால், அது ஏறத்தாழ உங்கள் பெயரை எழுதியதற்கு ஒப்பாகும். நம் மொழி, நம் உணவு, நாம் கொண்டாடும் பொங்கல் ஆகியவை நாணி மறைக்க வேண்டியவை அல்ல. பெருமையுடன் சொல்ல வேண்டியவை. ஆயினும், பெயரை மறைத்து எழுத வேண்டிய இடத்தில் அவையும் நம் பெயர்களே என்பதை நினைவிற்கொள்ள வேண்டும்.

ஒளிப்படங்களும் அவ்வாறே பேசும். சீருடையில் உள்ள பள்ளிச் சின்னம், பின்புறம் தெரியும் குடியிருப்பு எண், பேருந்தின் வழித்தடப் பலகை ஆகியவை இடத்தைக் காட்டும். சில கைபேசிகளில் எடுக்கும் படத்தினுள்ளேயே எடுத்த இடத்தின் குறிப்பும் பதிந்திருக்கும். "விடுமுறைக்கு ஊருக்குச் செல்கிறோம்" என்று தொடர்வண்டிச் சீட்டுடன் வெளியிடும் படம், வீடு பூட்டியிருக்கிறது என்னும் செய்தியையும் சேர்த்தே அறிவிக்கிறது.

பூட்டும் திறவுகோலும்

செய்தியைப் பிறர் படிக்க இயலாத வடிவிற்கு மாற்றும் முறையை மறைகுறியாக்கம் என்பர். எளிய முறை ஒன்றைத் தமிழிலேயே செய்து பார்ப்போம். ஒவ்வொரு மெய்யையும் வரிசையில் அதற்கு அடுத்த மெய்யாக மாற்றுக. உயிரொலியை மாற்ற வேண்டா. இறுதி மெய்யாகிய 'ன்' வந்தால் மீண்டும் 'க்' கொள்க. இவ்விதியின்படி 'பாடம்' என்பது 'மாணய்' ஆகும். 'மலை' என்பது 'யவை' ஆகும். எத்தனை இடம் தள்ளினோம் என்பதே இப்பூட்டின் திறவுகோல்.

இப்பூட்டு வலிமையற்றது. மெய்கள் பதினெட்டே ஆதலால், 17 முறை முயன்றால் எவரும் திறந்துவிடலாம். இன்று வங்கிகளும் செய்திச் செயலிகளும் பயன்படுத்தும் முறைகளின் வலிமை, முயன்று பார்க்க வேண்டிய எண்ணிக்கையில் உள்ளது. 128 பிட் நீளமுள்ள ஒரு திறவுகோலைக் கண்டறிய முயல்வோர் பார்க்க வேண்டிய வாய்ப்புகளின் எண்ணிக்கையை எழுதினால் அது 39 இலக்கங்கள் கொண்டதாக இருக்கும்.

கடவுச்சொல்லுக்கும் இக்கணக்குப் பொருந்தும். நான்கு இலக்க எண்ணுக்கு வாய்ப்புகள் 10,000 மட்டுமே. ஆங்கிலச் சிற்றெழுத்துகள் எட்டினால் அமைந்த சொல்லுக்கு அவை 20,000 கோடிக்கும் மிகுதி. மேலும் நான்கு எழுத்துகளைச் சேர்த்தால் அது இன்னும் 4,56,976 மடங்காகப் பெருகும். ஆனால், எழுத்துகள் பிறர் ஊகிக்க இயலாதவாறு அமைந்தால்தான் இக்கணக்கு மெய்யாகும். உங்கள் பெயருடன் பிறந்த ஆண்டைச் சேர்த்தால், பக்கத்து இருக்கை நண்பரே சில முயற்சிகளில் திறந்துவிடுவார். ஒன்றோடொன்று தொடர்பில்லாத நான்கு சொற்களைக் கோத்து அமைப்பது நினைவிற்கும் எளிது. பிறர் ஊகிப்பதற்கும் அரிது. ஒரே கடவுச்சொல்லைப் பல இடங்களில் பயன்படுத்தினால், ஓரிடத்தில் அது கசிந்ததும் எல்லாக் கதவுகளும் திறந்துகொள்ளும்.

பூட்டு எவ்வளவு வலிதாயினும் திறவுகோலை நாமே எடுத்துக் கொடுத்தால் என்ன பயன்? மோசடி செய்வோர் பலர் பூட்டை உடைப்பதில்லை; கேட்டு வாங்கிக்கொள்கின்றனர். "வங்கியிலிருந்து பேசுகிறேன், கைபேசிக்கு வந்த எண்ணைச் சொல்லுங்கள்" என்பர். ஓ.டி.பி. எனப்படும் அவ்வெண், ஒரு முறை மட்டும் பயன்படும் திறவுகோல். அதனை அழைத்துக் கேட்பவரிடம் சொல்லலாகாது.

வெளியூரில் வாழும் நம் குடும்பங்களுக்கு இங்கே ஒரு தனி எச்சரிக்கை உண்டு. நாள் முழுவதும் பிற மொழிகளைக் கேட்ட அம்மாவுக்கோ அப்பாவுக்கோ, தொலைபேசியில் ஒருவர் "அண்ணே, நல்லா இருக்கீங்களா?" என்று தமிழில் பேசினால் மனம் இளகிவிடும். மொழி ஒன்றாயிருப்பது அன்பிற்குக் காரணமாகலாம், நம்பிக்கைக்குச் சான்றாகாது. இதனை வீட்டில் எடுத்துச் சொல்லும் பொறுப்பு உங்களுடையது. பணம் பறிபோனதாக அறிந்தால் காலந்தாழ்த்தாமல் 1930 என்னும் தேசிய இணையக் குற்ற உதவி எண்ணில் தெரிவிக்க வேண்டும். இணையத்தில் எவரேனும் உங்களை அச்சுறுத்தினால், பெற்றோரிடமோ ஆசிரியரிடமோ கூறுங்கள். 1098 என்னும் குழந்தைகள் உதவி எண்ணையும் அழைக்கலாம்.

சட்டம் தரும் உரிமை

"தவறு செய்யாதவருக்கு மறைப்பதற்கு என்ன இருக்கிறது?" எனச் சிலர் வினவுவர். நாம் குளிக்கும்போது கதவைச் சாத்துகிறோம். நாட்குறிப்பை மூடி வைக்கிறோம். அவை தவறுகள் அல்ல. வாக்குச்சாவடியில் நம் பெற்றோர் மறைவாகவே வாக்களிக்கின்றனர். யாருக்கு வாக்களித்தார் எனத் தெரியாதபோதுதான் ஒருவர் அஞ்சாமல் வாக்களிக்க இயலும். ஆகவே, மறைவு அச்சத்தின் அடையாளம் மட்டும் அன்று. அது விடுதலையின் காவலுமாகும்.

கருநாடக உயர்நீதிமன்றத்தின் ஓய்வுபெற்ற நீதிபதி கே. எஸ். புட்டசாமி தொடுத்த வழக்கில், இந்திய உச்சநீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அடங்கிய அமர்வு 2017ஆம் ஆண்டு ஆகஸ்டு 24ஆம் நாள் தீர்ப்பளித்தது. தனியுரிமை என்பது அரசியலமைப்பு உறுதி செய்யும் அடிப்படை உரிமை என ஒன்பதின்மரும் ஒருமனதாகக் கூறினர். 2023ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயது நிறையாதோரைக் குழந்தைகள் என வரையறுக்கிறது. அவர்களுடைய தகவல்களைக் கையாளப் பெற்றோரின் இசைவு வேண்டும் என்றும் கூறுகிறது.

உரிமை உள்ள இடத்தில் கடமையும் உண்டு. பெயரை மறைத்துக்கொண்டு பிறரை இழிவுபடுத்துவது உரிமை ஆகாது. பிறருடைய கடவுச்சொல்லை வஞ்சகமாகப் பயன்படுத்துவது தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின்படி தண்டனைக்குரிய குற்றம். நண்பரின் படத்தையோ துன்பத்தையோ அவருடைய இசைவின்றிப் பரப்புவதும் அவருடைய தனியுரிமையைப் பறிப்பதே.

நான் கற்ற பாடம்

இப்பொழுதும் மாணவரிடம் பெயரில்லாத் தாள்களை வாங்குகிறேன். ஆனால், வகுப்பில் படிப்பதில்லை. வீட்டில் தனியே படித்து, "உணவைக் கேலி செய்வது சிலரை வருத்துகிறது" என்பதுபோல் பொதுவாகவே பேசுகிறேன். புளியோதரை என்னும் ஒரு சொல்லை அன்று நான் விட்டிருந்தால், அம்மாணவனின் துன்பமும் வகுப்பிற்குத் தெரிந்திருக்கும், அவனும் மறைந்திருப்பான்.

எதையேனும் வெளியிடும் முன் நீங்களும் வினவிக்கொள்ளுங்கள்: இதில் பெயர் இல்லை, ஆனால், ஆள் இருக்கிறாரா?

சொற்பொருள்

இசைவு – ஒப்புதல்
மறைகுறியாக்கம் – செய்தியைப் பிறர் அறியாத வடிவிற்கு மாற்றுதல்
வஞ்சகம் – ஏமாற்றும் எண்ணம்
விழுக்காடு – நூற்றில் இத்தனை என்னும் அளவு

பயிற்சி

1. தனியுரிமை, அடையாள மறைவு, தகவல் பாதுகாப்பு ஆகியவற்றைக் கடிதத்தின் வழி வேறுபடுத்திக் காட்டுக.
2. மாசசூசெட்ஸ் ஆளுநரின் மருத்துவக் குறிப்பு எவ்வாறு வெளிப்பட்டது?
3. உங்களைப் பற்றிய ஐந்து செய்திகளைப் பெயர் இல்லாமல் எழுதுக. அவற்றுள் எத்தனையாவது செய்தியில் நீங்கள் தனித்து நிற்கிறீர்கள் எனக் கண்டறிக.
4. பாடத்தில் கூறிய விதியைப் பின்பற்றி மறைக்கப்பட்ட 'நயிள்' என்னும் சொல்லை விடுவித்து எழுதுக.
5. உங்கள் பெற்றோரிடம் ஓ.டி.பி. பற்றித் தமிழில் எடுத்துக்கூறி, அவர்கள் கேட்ட வினாக்களைத் தொகுத்து எழுதுக.