ரேக்கில் பொருத்தும் நெட்வொர்க் சுவிட்ச்: பாதுகாப்பாக நிறுவும் முறை

மருந்துக் கடை, மருத்துவமனை, பள்ளி, சிறு தொழிற்கூடம் எனத் தொழில் எதுவாயினும், சில கணினிகள் ஓரிடத்தில் சேர்ந்துவிட்டால் அவற்றை ஒன்றோடொன்று இணைக்கும் கருவி தேவைப்படுகிறது. பில் போடும் கணினி, அச்சுப்பொறி, கண்காணிப்புக் கேமரா, விரல்ரேகை வருகைப்பதிவுக் கருவி ஆகிய அனைத்தின் கேபிள்களும் வந்து சேரும் அக்கருவியே நெட்வொர்க் சுவிட்ச். விளக்கை எரியவிடும் சுவிட்சுக்கும் இதற்கும் தொடர்பில்லை. தன்னிடம் வரும் ஒவ்வொரு தகவல் துணுக்கின் முகவரியையும் பார்த்து, அது சேர வேண்டிய கருவிக்கு அனுப்பிவைப்பதே இதன் பணி. அஞ்சலகத்தில் கடிதங்களைப் பிரித்து உரிய பைகளில் இடும் பணியாளரை இதற்கு ஒப்பிடலாம்.

தொழிற்கடன் பெற்று நிறுவனத்தைக் கணினிமயமாக்கும் வாடிக்கையாளர்கள் பலர், கணினிக்கும் மென்பொருளுக்கும் காட்டும் கவனத்தை இக்கருவியைப் பொருத்தும் வேலைக்குக் காட்டுவதில்லை. படிக்கட்டின் அடியிலும், பழைய கணக்குப் புத்தகங்களின் நடுவிலும், எர்த் இல்லாத இரண்டு பின் பிளக்குடன் இது இயங்கிக்கொண்டிருப்பதை நாங்கள் கள ஆய்வுகளின்போது காண்கிறோம். அத்தகைய அமைப்பில் மின் அதிர்ச்சி, தீ விபத்து, தொழில் முடக்கம் ஆகிய மூன்று ஆபத்துகளும் ஒரே பெட்டிக்குள் அடங்கியிருக்கின்றன.

வாடிக்கையாளர் தாமே திருப்புளியுடன் இறங்குவதற்காக இக்கட்டுரை எழுதப்படவில்லை. மின் வேலையை உரிமம் பெற்ற மின்பணியாளரும், கருவியைப் பொருத்தும் வேலையைப் பயிற்சி பெற்ற தொழில்நுட்பரும் செய்ய வேண்டும். ஆயினும் பணம் கொடுப்பவர் எதைக் கேட்க வேண்டும், எதைக் கண்ணால் பார்த்து உறுதி செய்ய வேண்டும் என்பதை அறிந்திருப்பது இன்றியமையாதது.

இடத்தைத் தேர்ந்தெடுத்தல்

சுவிட்ச் இரவும் பகலும் இயங்கும் கருவி. ஆகவே இடைவிடாமல் வெப்பத்தை வெளியிடும். இவ்வகைக் கருவிகள் பலவற்றுக்குச் சுற்றுப்புற வெப்பநிலை 40 அல்லது 45 டிகிரி செல்சியஸைத் தாண்டக் கூடாது என உற்பத்தியாளர்கள் வரையறுத்துள்ளனர். கோடையில் தகரக் கூரையின் கீழோ, காற்றோட்டமற்ற மூடிய அலமாரியிலோ இந்த எல்லை எளிதில் மீறப்பட்டுவிடும். குளிர்சாதனப் பெட்டியின் நீர் சொட்டும் இடத்துக்கு நேர் கீழேயும், குளியலறைச் சுவரை ஒட்டியும் ரேக்கை அமைத்தல் ஆகாது. ரேக்கின் உள்ளும் அருகிலும் காகிதம், அட்டைப்பெட்டி, துணி ஆகியவற்றைச் சேமித்து வைக்கக் கூடாது. கைக்கெட்டும் தொலைவில் மின்தீக்கு ஏற்ற கார்பன் டை ஆக்சைடு தீயணைப்பான் ஒன்று இருத்தல் நலம். மின்சாரம் பாயும் கருவியில் தீப்பற்றினால் தண்ணீர் ஊற்றலாகாது.

ரேக்கின் அளவும் உறுதியும்

ரேக் என்பது 19 அங்குல அகலமுள்ள கருவிகளைத் தாங்குவதற்கென வடிவமைக்கப்பட்ட இரும்புச் சட்டகம். அதன் உயரத்தை 'யூ' என்னும் அலகால் அளப்பர். ஒரு யூ என்பது 1.75 அங்குலம், அதாவது 44.45 மில்லிமீட்டர். சிறு நிறுவனங்களுக்கு 6 யூ அல்லது 9 யூ அளவுள்ள சுவர் ரேக் பெரும்பாலும் போதும். சுவர் ரேக்கைச் செங்கல் அல்லது கான்கிரீட் சுவரில், எடைக்கேற்ற ஆங்கர் போல்ட்டுகளால் பிணைக்க வேண்டும். ஜிப்சம் பலகைத் தடுப்புச் சுவர் இந்த எடையைத் தாங்காது. தரையில் நிற்கும் ரேக்காயின், எடை மிகுந்த யு.பி.எஸ்., மின்கலம் ஆகியவற்றை அடித்தட்டில் வைத்து, கீழிருந்து மேலாக மற்றவற்றை ஏற்ற வேண்டும். மேற்பகுதி கனத்தால் ரேக் கவிழ்ந்து, அருகில் நிற்பவர் மீது விழக்கூடும்.

எர்த் முதலில், மற்றவை பின்னர்

நம் நாட்டில் வீட்டுக்கும் கடைக்கும் வரும் ஒருமுனை மின்சாரம் 230 வோல்ட் அழுத்தமுடையது. கருவியின் உள்ளே காப்பு பழுதுபட்டு உலோகக் கூட்டில் மின்சாரம் பாய்ந்தால், எர்த் இணைப்பு அதனை நிலத்துக்குக் கொண்டுசெல்லும். மின்னோட்டம் சட்டெனப் பெருகுவதால் எம்.சி.பி.யோ, நிலத்துக்கு மின்கசிவு ஏற்படுவதால் ஆர்.சி.சி.பி.யோ துண்டித்துவிடும். எர்த் இல்லையேல், அடுத்துத் தொடுபவரின் உடலே அந்த வழியாகிவிடும். மூன்று பின் பிளக்கின் பெரிய பின் மற்ற இரண்டைவிட நீளமாக இருப்பதற்குக் காரணம், மின்சாரம் வரும் முன் எர்த் இணைய வேண்டும் என்பதே. அந்தப் பின்னை வெட்டிவிட்டுப் பயன்படுத்தும் வழக்கத்தை அறவே கைவிட வேண்டும்.

ரேக்கின் சட்டகத்துக்கும், சுவிட்சின் பின்புறம் எர்த் திருகு தரப்பட்டிருப்பின் அதற்கும், பச்சை அல்லது பச்சை மஞ்சள் கோடிட்ட கம்பியால் கட்டடத்தின் எர்த்துடன் நேரடி இணைப்பு தர வேண்டும். வண்ணப்பூச்சின் மேல் திருகினால் மின்தொடர்பு கிட்டாது. ஆதலால் அவ்விடத்தில் பூச்சைச் சுரண்டியோ, பற்களுள்ள வாஷர் இட்டோ பொருத்துவர். எர்த்தை நியூட்ரலுடன் பிணைப்பதும், தண்ணீர்க் குழாயில் கட்டுவதும் பெருந்தவறு. எர்த் அமைப்புக்கான இந்திய நெறிமுறை ஐ.எஸ். 3043 ஆகும், அதன்படி எர்த் சோதிக்கப்பட்டதா என்று மின்பணியாளரிடம் கேட்டறியலாம். பொருத்தும்போது எர்த் கம்பி முதலில் இணைய வேண்டும். கழற்றும்போது கடைசியில் பிரிய வேண்டும்.

பொருத்தும் வரிசை

வேலை தொடங்குமுன் மோதிரம், கைக்கடிகாரம், கைச்சங்கிலி ஆகியவற்றைக் கழற்றிவிட வேண்டும். ரேக்குக்கு வரும் மின்சாரத்தை எம்.சி.பி.யில் நிறுத்தி, யாரும் மீண்டும் போடாதபடி அறிவிப்பு அட்டை தொங்கவிட வேண்டும். வெளி மின்சாரம் நின்றாலும் யு.பி.எஸ். தன் மின்கலத்திலிருந்து 230 வோல்ட்டைத் தந்துகொண்டே இருக்கும் என்பதைப் பலர் மறந்துவிடுகின்றனர். ஆகவே யு.பி.எஸ்.ஸின் வெளியீட்டையும் துண்டிக்க வேண்டும். இரண்டு மின்வழங்கிகள் உள்ள சுவிட்சாயின் இரண்டு கம்பிகளையும் பிடுங்கினால்தான் அது முழுமையாக நின்றதாகப் பொருள்.

ரேக்கின் செங்குத்துத் தண்டில் ஒவ்வொரு யூவுக்கும் மூன்று சதுரத் துளைகள் உள்ளன. அவற்றின் இடைவெளிகள் சமமாக இரா. ஒரு யூ முடிந்து மறு யூ தொடங்கும் எல்லையின் இருபுறமும் உள்ள துளைகள் சற்று நெருக்கமாக அமைந்திருக்கும். இதைக் கவனியாமல் தவறான துளையில் தொடங்கினால், கருவி இரண்டு இடங்களை அடைத்துக்கொண்டு சாய்வாக நிற்கும். சதுரத் துளைகளில் 'கேஜ் நட்' எனப்படும் வில்லமைப்புள்ள நட்டுகளை உட்புறமிருந்து பொருத்த வேண்டும். இதற்கெனத் தனிக் கொக்கிக் கருவி உண்டு. வெறும் விரலால் அழுத்தினால் நகக்கண் கிழியும். திருப்புளியால் நெம்பினால் நட் தெறித்துக் கண்ணில் படக்கூடும்.

அடுத்து, சுவிட்சின் இரு பக்கங்களிலும் காது போன்ற தாங்கிகளை இணைக்க வேண்டும். கருவியுடன் வந்த திருகுகளையே இதற்குப் பயன்படுத்த வேண்டும். நீளம் மிகுந்த வேறு திருகு உள்ளே சென்று மின்சுற்றுப் பலகையைத் தொட்டுவிடும் அபாயம் உண்டு. ரேக்கில் ஏற்றும் வேலைக்கு இருவர் தேவை. ஒருவர் கருவியை அடியிலிருந்து தாங்கிப் பிடிக்க, மற்றவர் இருபுறமும் கீழ்த் திருகுகளை முதலில் இட்டு, பின்னர் மேல் திருகுகளை இட வேண்டும். நான்கும் அமர்ந்த பிறகே இறுக்க வேண்டும். நீளமும் எடையும் மிகுந்த சுவிட்சுக்குப் பின்புறத் தாங்கியும் தேவை. பொருத்திய சுவிட்சின் மேல் மோடமோ வேறு பெட்டியோ அடுக்குதல் கூடாது. காற்று புகும் துளைகளும் அடைபடலாகாது.

நிலைமின்சாரமும் உதிரிப் பாகங்களும்

நடந்து திரியும்போது நம் உடலில் நிலைமின்சாரம் சேர்கிறது. சுமார் 3000 வோல்ட்டை எட்டினால்தான் அதை நாம் சுரீரென உணர்வோம். மின்னணுச் சில்லுகளோ அதைவிட மிகக் குறைந்த அளவிலேயே பழுதாகும். பழுது உடனே வெளிப்படாமல் சில மாதங்கள் கழித்துக் காரணம் புரியாத கோளாறாகத் தலைகாட்டுவதும் உண்டு. இதைத் தவிர்க்கத் தொழில்நுட்பர் மணிக்கட்டுப் பட்டை அணிந்து, அதன் முனையை எர்த் செய்யப்பட்ட ரேக்கின் பூச்சற்ற உலோகத்தில் மாட்டுவார். அப்பட்டையில் ஒரு மெகா ஓம் மின்தடை உள்ளது. தவறி மின்கம்பியைத் தொட்டாலும் பெரும் மின்னோட்டம் பாயாதபடி அது காக்கும். பட்டைக்குப் பதிலாக வெறும் கம்பியைக் கையில் சுற்றிக்கொள்வது உயிருக்கே ஆபத்தானது.

கழற்றி மாட்டக்கூடிய விசிறித் தட்டை வெளியே எடுக்கும்போது இறக்கைகள் நிற்கும்வரை பொறுத்திருக்க வேண்டும். பாகம் பொருத்தப்படாத காலி இடங்களை மூடித் தகடுகளால் அடைக்க வேண்டும். அவை விரல் உள்ளே புகாமல் தடுப்பதோடு காற்றோட்டத்தையும் சீராக்கும். ஒளியிழைக் கேபிள் இணையும் சிறு கூடுகளிலிருந்து வரும் லேசர் ஒளி கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியாகும். ஒளி தெரியவில்லையே என்று கேபிளின் முனையை உற்றுப் பார்க்கக் கூடாது. பயன்படாத முனைகளுக்குத் தூசு மூடி இட்டு வைக்க வேண்டும்.

கேபிள்கள்

செப்புக் கேபிளின் மொத்த நீளம் ஒரு கருவிக்கு 100 மீட்டருக்குள் இருக்க வேண்டும். கேபிளைத் தன் விட்டத்தின் நான்கு மடங்குக்குக் குறைவான ஆரத்தில் மடக்கக் கூடாது. மின்கம்பி செல்லும் அதே குழாயில் இதனையும் செலுத்தக் கூடாது. இரு கட்டடங்களை இணைக்கும்போது செப்புக்குப் பதில் ஒளியிழையைத் தேர்ந்தெடுப்பது அறிவுடைமை. இடி மின்னலின்போது செப்புக் கேபிள் வழியாக மின்னெழுச்சி புகுந்து இரு பக்கக் கருவிகளையும் எரித்துவிடும்.

கேமராக்களுக்குக் கேபிள் வழியாகவே மின்சாரம் தரும் 'பி.ஓ.இ.' வகைச் சுவிட்சில் மற்றொரு கணக்கும் உண்டு. தரநிலையைப் பொறுத்து ஒரு துளை 15.4, 30, 60 அல்லது 90 வாட் வரை தரும். ஒரு சுவிட்சின் மொத்தத் திறன் 370 வாட் எனில், 24 துளைகள் இருந்தபோதிலும் 30 வாட் கேட்கும் கருவிகளில் பன்னிரண்டை மட்டுமே அது தாங்கும். இங்கே மலிவான கேபிள் தீங்கு விளைவிக்கும். அலுமினியத்தின் மேல் செம்புப் பூச்சிட்ட கம்பிக்கு மின்தடை மிகுதி. கட்டாகச் செல்லும்போது அது சூடேறும். கம்பியின் நுனியைக் கத்தியால் சுரண்டினால் உள்ளே வெண்மை தென்படும். அத்தகைய கேபிளைத் திருப்பி அனுப்பிவிடலாம்.

முதல் இயக்கமும் ஆவணங்களும்

எல்லா இணைப்புகளும் முடிந்த பின், மின்பணியாளர் பிளக்கில் ஃபேஸுக்கும் எர்த்துக்கும் இடையிலான மின்னழுத்தத்தை அளந்து பார்க்க வேண்டும். அது ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையிலான அளவை ஏறத்தாழ ஒத்திருக்க வேண்டும். அதன் பின்னரே சுவிட்சுக்கு மின்சாரம் தர வேண்டும். தற்சோதனை முடிந்து விளக்குகள் நிலைபெறும்வரை காத்திருந்து, விசிறியின் ஒலியையும், கருகல் வாடை ஏதேனும் எழுகிறதா என்பதையும் கவனிக்க வேண்டும். உற்பத்தியாளர் இட்ட கடவுச்சொல்லை அன்றே மாற்றிவிட வேண்டும்.

இறுதித் தொகையை வழங்குமுன் வாடிக்கையாளர் பெற்றுக்கொள்ள வேண்டியவை: வரிசை எண் குறிக்கப்பட்ட விலைப்பட்டியல், உத்தரவாத அட்டை, எர்த் சோதனை முடிவு, எந்தத் துளையில் எந்தக் கருவி இணைந்துள்ளது என்னும் வரைபடம். கேபிளின் இரு முனைகளிலும் எண் ஒட்டப்பட்டிருக்க வேண்டும். வங்கிக் கடனில் வாங்கிய கருவியாயின், கடையின் காப்பீட்டில் அதுவும் சேர்ந்துள்ளதா என்பதைக் கிளை அலுவலரிடம் சரிபார்த்துக்கொள்ளலாம். விபத்துக்குப் பின் இழப்பீடு கோருகையில் வரிசை எண்ணும் விலைப்பட்டியலுமே முதலில் கேட்கப்படும். கழித்த பழைய சுவிட்சிலிருந்து அமைப்புத் தகவல்களை அழித்துவிட்டு, 2022ஆம் ஆண்டின் மின்னணுக் கழிவு விதிகளின்படி பதிவு பெற்ற மறுசுழற்சியாளரிடம் ஒப்படைக்க வேண்டும்.

ஆண்டுக்கொரு முறையேனும் ரேக்கின் தூசியை அகற்றி, திருகுகளின் இறுக்கத்தையும் எர்த் இணைப்பையும் சோதித்தல் வேண்டும். ரேக்கின் கதவு பூட்டியிருக்கட்டும்; சாவி பொறுப்பான ஒருவரிடம் இருக்கட்டும். தங்கள் நிறுவனத்தில் ஏற்கெனவே சுவிட்ச் இயங்கிக்கொண்டிருப்பின், இவ்வாரமே ஒருமுறை அதன் அருகே சென்று பிளக்கில் எத்தனை பின்கள் உள்ளன என்று பார்க்குமாறு வாடிக்கையாளர்களைக் கேட்டுக்கொள்கிறோம்.