மலீதாத் தட்டும் திராட்சை ஷர்பத்தும்

யஹூதி என்ற சொல்லைக் கேட்டதும் நம் மனசு பலஸ்தீனத்துக்குப் போய்விடுகிறது. போகத்தான் செய்யும். ஆனால் கொங்கணக் கிராமங்களிலும் கொச்சியிலும் நூற்றாண்டுகளாக முஸ்லிம்களுக்கு அண்டை வீட்டாராக வாழ்ந்த யஹூதிகளும் உண்டு. அவர்களுடைய பெருநாள் சாப்பாட்டைப் பற்றிப் படித்தால், கலேவெலயில் நம் வீட்டுக் குசினியை எட்டிப் பார்ப்பது போலிருக்கும்.

நமக்கு ஹலால், ஹராம் போல அவர்களுக்குக் கோஷர். பன்றி கூடாது, இரத்தம் கூடாது, முறைப்படி அறுக்க வேண்டும். நம்மிடம் இல்லாத ஒன்றும் உண்டு: இறைச்சியையும் பாலையும் ஒரே வேளையில் சேர்க்கக் கூடாது. அப்படியானால் இறைச்சி சமைத்த பெருநாளன்று இனிப்புக்கு என்ன செய்வது? கொங்கணத்து பெனே இஸ்ரேல் பெண்கள் தேங்காய்ப்பாலை எடுத்துக்கொண்டார்கள். கோதுமைப் பாலையும் தேங்காய்ப்பாலையும் சீனியோடு சேர்த்து, கை நோகக் கிண்டி அவர்கள் புத்தாண்டுக்குச் செய்யும் அல்வாவை நம் உம்மாமார் கண்டால் மஸ்கட் என்றுதான் சொல்வார்கள். கிண்ட நேரமில்லாத வீடுகளில் இன்று சைனா கிராஸ் அல்வா. அது கடற்பாசியில் இருந்து வருவது, ஜெலட்டின் பயமில்லை. நோன்பு காலத்தில் நாமும் காய்ச்சுகிறோமே, அதே சாமான்தான்.

கோஷர் திராட்சை மது கிடைக்காத ஊரில், காய்ந்த திராட்சையை ஊறவைத்துப் பிழிந்த ஷர்பத்தை வைத்துத் துஆ ஓதினார்கள். நேர்ச்சைக்கும் கல்யாணத்துக்கும் அவல், தேங்காய்ப்பூ, சீனி, ஏலம், பழங்கள் சேர்த்துத் தட்டில் வைப்பார்கள். இல்யாஸ் நபியை நினைத்துச் செய்வது அது. பெயர் மலீதா! நம்மவர்கள் ஃபாத்திஹா வீடுகளில் கேட்ட அதே பெயர். (அது கூடுமா, கூடாதா என்ற நம்மூர் வாதம் வேறு கதை.)

மூஸா நபியின் கூட்டம் பிர்அவ்னிடமிருந்து தப்பிய நன்றிக்கு மதீனத்து யஹூதிகள் ஆஷூரா நோன்பு பிடித்ததை ஹதீஸில் படித்திருக்கிறோம். அதே விடுதலையின் பெருநாள்தான் பெஸாஹ். அந்நாட்களில் புளித்த மா எதுவும் வீட்டில் இருக்கக் கூடாது. ஐரோப்பிய யஹூதிகளோ அரிசியையும் விலக்கினார்கள். சோறே உணவான கொச்சியில் அது நடக்கிற காரியமா? அவர்கள் அரிசியை விலக்கவில்லை. ஒவ்வொரு மணியாகப் பொறுக்கிச் சுத்தம் பண்ணினார்கள். அமெரிக்காவின் கன்சர்வேட்டிவ் பிரிவு ரப்பிகள் தம் மக்களுக்கு அரிசியை அனுமதித்தது 2015இல்தான்.

சட்டத்தைக் காப்பாற்றத்தான் அவர்கள் சாமானை மாற்றினார்கள். நம்மிடம் மாறுவது வேறு. வட்டிலப்பத்தில் தேங்காய்ப்பாலும் கித்துள் கருப்பட்டியும் முட்டையும் அப்படியே இருக்கின்றன. ஆனால் பெருநாளைக்கு அதை ஓடர் பண்ணி எடுக்கிற வீடுகள் கூடி வருகின்றன. செய்யும் கைதான் குறைகிறது. எனக்கு இது பெரிய மாற்றமாகவே படுகிறது.

1948க்குப் பிறகு கொச்சி யஹூதிகளில் பெரும்பாலோர் இஸ்ரேலுக்குப் போய்விட்டார்கள். 1568இல் கட்டிய பரதேசி ஜெபாலயத்தில் கூட்டுத் தொழுகைக்கு வேண்டிய பத்து ஆண்கள் ஊருக்குள் இல்லை. ஆனால் பெருநாள் விரிப்பை ஒருவர் இருந்தாலும் விரிக்கலாம். இஸ்ரேலில் குடியேறிய பெனே இஸ்ரேல் குடும்பங்களுக்குக் கோஷர் மது இப்போது எந்தக் கடையிலும் கிடைக்கிறது. மருதாணி இரவில் அவர்கள் இன்னும் மலீதாத் தட்டு வைக்கிறார்கள்.