கூத்தாடி கொடுத்த கொடை

வீரபாண்டிய கட்டபொம்மனின் வசனத்தை ஒரு முறையேனும் முழங்கிப் பாராத சிறுவன் எமது குடாநாட்டில் ஒரு காலத்தில் இருந்திருக்க மாட்டான். 1959ஆம் ஆண்டில் வெளிவந்த அப்படத்தின் பின்னர், மரவாளும் கடுதாசி முடியும் தரித்த கட்டபொம்மன்கள் பாடசாலைக் கலைவிழாக்கள்தோறும் தோன்றினர். அந்தக் கட்டபொம்மனுக்கும் பாடசாலைகளுக்கும் வேறொரு தொடர்பும் உண்டென்பதை வாசகர் பலர் அறியார்.

படமாவதற்கு முன் அது மேடை நாடகம். சக்தி கிருஷ்ணசாமி எழுதிய அந்நாடகத்தை நடிகர் திலகம் சிவாஜி கணேசன் 1957ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் சேலத்தில் அரங்கேற்றினார். நூறு தடவைக்கு மேல் அது மேடையேறியது. அவ்வகையிற் சேர்ந்த தொகை 32 இலட்சம் ரூபாவுக்கு மேல் என்றும், அது தமிழகத்துக் கல்வி நிலையங்களுக்கே வழங்கப்பட்டது என்றும் கூறுவர். இத்தனைக்கும் அவர் சிறு வயதிலேயே பள்ளியை விட்டு நாடகக் கம்பெனியிற் சேர்ந்தவர்.

நடிகர் கொடுப்பதெல்லாம் விளம்பரம் என்று சொல்வாரும் உளர். காசோலையில் ஒப்பமிடுவது எளிதாயிருக்கலாம். ஆனால் இரவுக்கிரவு தொண்டை வரளக் கர்ச்சித்து, தூக்குமேடை ஏறி, மறுநாள் அடுத்த ஊருக்கு மூட்டை கட்டுவது எளிதன்று. அவ்வுழைப்பிலே உடன் நடித்தோருக்கும் திரை இழுத்தோருக்கும் பங்குண்டு.

இந்திய அரசு அவருக்கு 1966இல் பத்மஸ்ரீயும் 1984இல் பத்மபூஷணும் அளித்தது. இரண்டும் கலைக்காகவே. அவர் கலைக்கு அது தகும், யார் மறுப்பார்? எனினும், எழுத்தறிவித்தவனை இறைவனாகப் போற்றும் நாம், எழுத்தறிவிக்கும் இடத்துக்குக் கூரை வேய்ந்தவனின் கொடையைப் பதக்கத்தில் ஒரு வரியாகவேனும் குறித்திருக்கலாம் அன்றோ?

கடல் கடந்த ஒரு செய்தி இங்கே நினைவுக்கு வருகிறது. அமெரிக்கப் பாடகி டாலி பார்ட்டன் எழுத வாசிக்கத் தெரியாத தந்தையின் மகள். 1995ஆம் ஆண்டிலே தம் சொந்த மாவட்டத்துக் குழந்தைகளுக்கு மாதமொரு புத்தகம் இலவசமாக அனுப்பத் தொடங்கினார். அப்பணி பின்னர் பிற நாடுகளுக்கும் பரவியது. 2022இல் அவருக்குக் கிடைத்த கார்னகி பதக்கம் பாட்டுக்கன்று, கொடைக்கே. அது நாடு அளித்த பதக்கமன்று என்பது வேறு விடயம்.

நம் நாட்டிலும் 1986இல் தேசிய விருதுகள் வகுக்கப்பட்டன. கலைஞனுக்குக் கலாசூரி, விஞ்ஞானிக்கு வித்தியாஜோதி, சேவையாளனுக்குத் தேசபந்து என வெவ்வேறு பெட்டிகள். பாடசாலைக்காக ஆடிய கலைஞன் எந்தப் பெட்டிக்குள் அடங்குவான்?

அத்தகையோர் எம்மிடையே இருந்தனர். நடிகமணி வைரமுத்துவின் மயான காண்டத்தைப் பார்க்க ஊரே பாயோடு திரண்ட காலம் அது. 1960ஆம் ஆண்டுச் சட்டத்தால் பாடசாலைகள் அரசின் கைக்கு வரத் தொடங்கும்வரை, கட்டட நிதி என்றால் ஊரார் நன்கொடையோடு நாடகமும் இசைக்கச்சேரியும் கார்னிவலுந்தான். வீடு வீடாக ரிக்கற் விற்றவர் மாணவர். இரவு முழுதும் ஆடியவரோ, “கூத்தாடி” என்று பகலில் வாசலோடு நிறுத்தப்பட்டவர். சாதியின் பேராலும் நிறுத்தப்பட்டார் என்பதை மறைப்பானேன்? தாம் கல்லெடுத்துக் கொடுத்த மண்டபத்திலே தம் பிள்ளைக்கு வாங்கு கிடைக்குமோ என்று ஐயுற்றவர்களும் அவருள் இருந்திருப்பர். திறப்பு விழாக் கல்லில் தலைவர் பெயரும் தனவந்தர் பெயரும் பொறிக்கப்படும். ஆடியவர் பெயரைக் காண்பது அரிது.

கொழும்பு பதக்கம் தரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. பழைய மாணவர் சங்கத்தார் தத்தம் பாடசாலை அலுமாரிகளைத் திறந்து, பழைய கணக்குப் புத்தகங்களிலும் நாடக நோட்டீசுகளிலும் எஞ்சியுள்ள பெயர்களைப் படியெடுக்கலாம். அவற்றை முகம் அறிந்து சொல்லக்கூடியவர்கள் இப்போது எண்பதை அண்மித்துவிட்டார்கள்.