வலி மாத்திரையோடு வரும் இன்னொரு மாத்திரை

சீட்டில் உள்ள எல்லா மாத்திரைக்கும் காசு போதாவிட்டால் முதலில் கழிவது பான்டோப்ரசோல்தான். "எனக்கு கேஸ் தொல்லையே இல்ல தம்பி, மூட்டு வலிக்கு உள்ளதை மட்டும் குடு" என்பார் பெரியவர். மெடிக்கல் ஷாப்பில் நிற்கிற நான் அப்போது சும்மா இருப்பதில்லை. "இது கேஸுக்கு இல்லைங்க ஐயா. அந்த வலி மாத்திரை வயித்தைப் புண்ணாக்காம இருக்கத்தான் டாக்டர் எழுதியிருக்கார்" என்பேன்.

இரைப்பையின் அமிலம் இறைச்சியைக் கரைக்கும். இரைப்பைச் சுவர் அதற்குத் தப்புவது, மேலே படிந்திருக்கும் சளிப்படலத்தாலும் அதிலுள்ள பைகார்பனேட் என்ற காரத்தாலும். இரண்டும் குறையாமல் பார்த்துக்கொள்வது புராஸ்டகிளாண்டின். டைக்ளோஃபினாக், இபுபுரூஃபன் போன்றவை வலியை அடக்குவதே இந்தப் புராஸ்டகிளாண்டினைத் தடுத்துத்தான். மூட்டுக்கு நிம்மதி, வயிற்றுக்குக் காவல் இல்லை. வயதானவர்கள் சிலருக்கு வயிற்றுவலியே வராது. மலம் தார் போலக் கறுத்த பிறகுதான் உள்ளே ரத்தம் கசிவது தெரியும். எனக்குப் பயம் அதுதான்.

பான்டோப்ரசோல் புண்ணின் மேல் போய்ப் படிவதில்லை. குடலில் கரைந்து, ரத்தம் வழியாக அமிலம் சுரக்கும் செல்களை அடைந்து, அமிலத்தை வெளியே தள்ளும் பம்புகளைப் பூட்டுகிறது. மருந்து சில மணி நேரத்தில் ரத்தத்தைவிட்டுப் போய்விட்டாலும் பூட்டு லேசில் திறக்காது. செல் புதுப் பம்பு செய்தாக வேண்டும். அமிலம் குறைந்திருக்கும் அந்த நாட்களில் சுவர் தானே வளர்ந்து புண்ணை மூடிக்கொள்ளும்.

ஓடுகிற பம்பைத்தான் இந்த மருந்தால் பூட்ட முடியும். வெறும் வயிற்றில் பெரும்பாலான பம்புகள் ஓய்ந்திருக்கும், இட்லி உள்ளே போனதும் ஓடத் தொடங்கும். அந்த நேரத்துக்கு மருந்து ரத்தத்தில் இருக்க வேண்டும். சாப்பாட்டுக்கு அரை மணி முன்னால் என்று நான் அடித்துச் சொல்வது அதனால்தான். மாத்திரையை நுணுக்கவும் கூடாது. மேல்பூச்சு போய்விட்டால் அமிலமே மருந்தைக் கெடுத்துவிடும்.

1976-இல் ஜேம்ஸ் பிளாக் குழுவினரின் சிமெடிடின் என்ற அமிலம் குறைக்கும் மருந்து பிரிட்டனில் விற்பனைக்கு வரும்வரை, ஆறாத புண்ணுக்குப் பெரும்பாலும் கத்திதான். பிறகு ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் பாரி மார்ஷலும் ராபின் வாரனும், பல புண்களுக்கு ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற கிருமி காரணம் என்று காட்டினார்கள். 2005-இல் நோபல் பரிசு பெற்றார்கள். கிருமி இருந்தால் ஆன்டிபயாடிக்கும் சேர்த்துச் சாப்பிட வேண்டும். அமிலத்தை மட்டும் குறைத்தால் புண் ஆறும், பிறகு திரும்ப வரும்.

பழைய சீட்டைக் காட்டி வருடக்கணக்கில் பான்டோப்ரசோல் வாங்குபவர்களும் உண்டு. நெடுநாள் எடுத்தால் உடம்பில் பி12, மெக்னீசியம் குறையலாம். வலி மாத்திரை நின்றதும் இதையும் நிறுத்தலாமா என்று டாக்டரிடம் கேட்டு வரச் சொல்லி அனுப்புகிறேன்.