ரைல் பசை மூட்டையில் இருப்பது என்ன?

புதிய வீட்டிற்கு ரைல் பதிக்க முற்படும் பலர் இன்று ஒரு தடுமாற்றத்திற்கு உள்ளாகின்றனர். சாதாரண சீமெந்துச் சாந்தே போதும் என்கிறார் ஒரு மேசன். மற்றவரோ, 'ரைல் பசை' என்று விற்கப்படும் மூட்டையை வாங்கித் தரச் சொல்கிறார். மூட்டையைப் பிரித்துப் பார்த்தால் சீமெந்தும் மணலும் போலத்தான் தெரிகிறது, விலையோ கூட. அந்த மேலதிகப் பணத்தின் பெரும்பகுதி, உள்ளே கலந்திருக்கும் ஒரு வெள்ளைத் தூளுக்கே போகிறது. 25 கிலோ மூட்டையொன்றில் அது கால் கிலோ முதல் ஒன்றேகால் கிலோ வரையே இருக்கும். அத்தூள் என்ன செய்கிறது என்று தெரிந்தால், அதை எங்கே வாங்க வேண்டும், எங்கே வேண்டியதில்லை என்பதை நாமே தீர்மானிக்கலாம்.

றப்பர் பாலும் பால்மாவும்

சீமெந்து இறுகினால் கல்லாகிவிடும். பாரத்தைத் தாங்கும், இழுவையையும் வளைவையும் தாங்காது. வெயில் படும் ரைல் பகலில் சற்று விரிந்து இரவில் சுருங்கும். கீழேயுள்ள சாந்து அதற்கு இசைந்து கொடுக்காது. ஆகவே நாளடைவில் இரண்டும் ஒட்டிய இடம் விட்டுப் போகிறது. தட்டினால் 'டொக்' என்று வெறுமையான ஓசை வருவது இதனாலேயே.

இழுபடும் பொருள் ஒன்றைச் சீமெந்துடன் சேர்க்கும் எண்ணம் புதியதன்று. 1920களிலேயே றப்பர் பாலைச் சீமெந்துடன் கலக்கும் முறைகளுக்குப் பிரித்தானியாவில் காப்புரிமை பெறப்பட்டது. பின்னர் செயற்கைப் பொலிமர்ப் பால்கள் வந்தன. ஆனால் இவையெல்லாம் திரவம். பீப்பாயில் சுமந்து செல்ல வேண்டும். குளிர் நாடுகளில் உறைந்து கெடும். வேலைத் தலத்தில் எவ்வளவு ஊற்றுவது என்பதிலும் பிழை நேரும்.

பசும்பாலைச் சூடான காற்றினுள் நுண்துளிகளாக விசிறிப் பால்மா செய்வதுபோல இதையும் தூளாக்கினால் என்ன? இங்கேதான் சிக்கல். றப்பர் பாலைக் காயவிட்டால் அது தோலாகிவிடும். எவ்வளவு தண்ணீர் ஊற்றினாலும் மீண்டும் பாலாகாது. துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டி உருகிச் சேர்ந்துவிடுவதே காரணம். பொலிமர்ப் பாலும் அப்படித்தான்.

இதற்கு 1957இல் ஜேர்மனியின் வாக்கர் நிறுவனத்தில் வழி காணப்பட்டது. ஒவ்வொரு நுண்துகளையும் நீரில் கரையும் பொலிவைனைல் அற்ககோல் என்னும் பொருளால் போர்த்தி, அதன் பின் விசிறிக் காயவைப்பது. தூள் கட்டிபடாதிருக்க மெல்லிய களிமண் தூளோ சுண்ணக்கல் தூளோ தூவுவது. தண்ணீர் பட்டதும் போர்வை கரைகிறது, தூள் மறுபடியும் பாலாகிறது. இன்று பெரும்பாலும் வைனைல் அசற்றேற்றும் எதிலீனும் சேர்ந்த பொலிமரே இதற்குப் பயன்படுகிறது.

சாந்தினுள் நடப்பதையும் பார்ப்போம். சீமெந்து தான் இறுகுவதற்கு நீரை எடுக்கிறது. சுவரும் காற்றும் கொஞ்சம் எடுக்கின்றன. நீர் குறையக் குறையப் பொலிமர்த் துகள்கள் நெருங்கி, ஒட்டி, சீமெந்தின் இடுக்குகளில் மெல்லிய தோலாகவும் இழைகளாகவும் படிகின்றன. மண்சுவருக்குக் குழைக்கும் களிமண்ணில் வைக்கோல் சேர்ப்பதைப் போன்றது இது. பாரத்தைச் சீமெந்து தாங்க, விரிசல் ஓடாமல் இழைகள் பிடித்துக்கொள்கின்றன.

எங்கே தேவை?

பழைய சுவர் ரைல்கள் பல, தம் நிறையில் நூற்றுக்குப் பத்துக்கு மேல் நீரை உறிஞ்சும். அந்தத் துளைகளுக்குள் சீமெந்துப் பால் புகுந்து பிடித்தது. இன்று விரும்பி வாங்கப்படும் போர்சலின் ரைல் நூற்றுக்கு அரைப் பங்குக்கு மேல் உறிஞ்சாது. பிடிக்கத் துளையே இல்லாத பொருளில் வெறும் சீமெந்து எப்படி ஒட்டும்? இங்கே பொலிமர் தூள் அவசியம். பழைய ரைலின் மேல் புதிய ரைல் பதிக்கும்போதும், வழுவழுப்பான கொங்கிரீட்டிலும், வெயில் படும் வெளிச்சுவரிலும், அளவிற் பெரிய ரைல்களுக்கும் அவ்வாறே. மூட்டையில் சி1, சி2 என்ற குறிகளைக் கவனியுங்கள். சி1 என்பது சதுர சென்ரிமீற்றருக்கு ஏறத்தாழ 5 கிலோ இழுவையைத் தாங்கும். சி2 ஏறத்தாழ 10 கிலோ.

கல் கட்டுவதற்கும், சாதாரண சுவர்ப் பூச்சுக்கும், நீர் உறிஞ்சும் சிறிய ரைல்களை வீட்டினுள் நிலத்தில் பதிப்பதற்கும் நல்ல மணலும் சீமெந்துமே போதும். அங்கே இதற்குச் செலவழிப்பது வீண் என்பதே எமது எண்ணம்.

தச்சுவேலைக்குரிய வெள்ளைப் பசையைச் சாந்தில் ஊற்றிச் சமாளிப்போரும் உளர். அது பொதுவாகத் தனி வைனைல் அசற்றேற்றால் ஆனது. சீமெந்தின் காரம் அதைச் சிதைக்கும்; ஈரம் பட்டால் மீண்டும் இளகும். குளியலறையில் இது சரிவராது.

பழைய பழக்கங்கள் சில

மூட்டை வாங்கியும் ரைல் கழன்றது என்று குறைப்படுவோரிடம் விசாரித்தால், பழைய சாந்துக்குரிய முறையிலேயே வேலை நடந்திருக்கும். அனுபவமுள்ள மேசன்மாரே இதில் கூடுதலாகத் தவறுகின்றனர், கை பழகிவிட்டதல்லவா!

ரைலைத் தண்ணீரில் ஊறப்போடுவது ஒன்று. இங்கே அது கூடாது. நீரைப் பிடித்து வைக்கும் செலுலோசுப் பொருள் மூட்டையிலேயே சேர்ந்திருக்கிறது. ஈர ரைல் பசையை நீர்த்துப்போகச் செய்யும். பதித்த மறுநாள் தண்ணீர் கட்டி விடுவது மற்றொன்று. சீமெந்துக்கு அது நன்மை; பொலிமர் தோல் கட்டுவதற்கோ காய வேண்டும். ஒரு நாளாவது ஏறி மிதிக்காமல் உலர விடுங்கள்.

குழைத்ததும் ஐந்து நிமிடம் வைத்து மறுபடி குழைக்க வேண்டும். தூளின் போர்வை கரைய அந்த நேரம் தேவை. இறுகத் தொடங்கிய கலவைக்கு மீண்டும் தண்ணீர் விடுவது பெருங்கேடு. உருவாகத் தொடங்கிய தோல் கிழிந்துபோகும். ஆகவே சிறிது சிறிதாகக் குழைப்பதே நல்லது. பூசிய பசையின் மேல் விரலை வையுங்கள். விரலில் ஒட்டாவிட்டால் மேலே ஆடை படர்ந்துவிட்டது என்று பொருள், வழித்தெறிய வேண்டும். எமது வெயிலிலும் காற்றிலும் இது விரைவாகவே நடக்கும்.

மூட்டை நீடிக்கட்டும் என்று பாதிக்குப் பாதி சீமெந்து சேர்ப்பவர், பொலிமரின் அளவைப் பாதியாக்குகிறார். சி2 வாங்கிய பணம் அங்கேயே போயிற்று.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இது நீர் புகாத் தடுப்பு அன்று. தூள் மீண்டும் பாலாவதற்கு உதவிய அந்தப் போர்வைப் பொருள் சாந்தில் தங்கிவிடுவதால், எப்போதும் நீரில் மூழ்கியிருக்கும் இடத்தில் பிடிப்புச் சற்றுக் குறையும். தண்ணீர்த் தொட்டிக்கு, அதற்கென்றே குறிப்பிட்ட வகையைக் கேட்டு வாங்குங்கள். குளியலறைத் தளத்திற்கு நீர்த்தடுப்புப் பூச்சு வேறாக வேண்டும்.

பல்லுள்ள சாந்தகப்பையால் பசையை இழுத்து, ரைலை அழுத்திப் பதித்தபின், முதல் சில ரைல்களில் ஒன்றை உடனே கிளப்பிப் பார்க்கச் சொல்லுங்கள். அடிப்பக்கம் முழுவதும் பசை படிந்திருக்க வேண்டும். நடுவில் நான்கு கட்டிகள் மட்டும் இருந்தால் மூட்டை எதுவானாலும் பயனில்லை. மிஞ்சிய மூட்டையை இறுகக் கட்டி, ஈரமும் வெக்கையும் இல்லாத இடத்தில், மேலே பாரம் ஏற்றாமல் வையுங்கள். வெப்பமும் பாரமும் சேர்ந்தால் தூள் மூட்டைக்குள்ளேயே கட்டிபடும்.