‘டூ’ என்னும் ஆங்கில வினை

ஆங்கிலங் கற்கப் புகும் மாணாக்கன் முதன்முதல் எதிர்ப்படும் வினைச்சொற்களுள் ‘டூ’ என்பதும் ஒன்று. ஈரெழுத்தாலாய இச்சிறு சொல்லே அவனை நெடுங்காலம் இடர்ப்படுத்துவதுமாகும். ‘அவன் போனானா?’ என்பதை ஆங்கிலத்திற் கூறுக என்றால், ‘டிட் ஹீ வென்ட்?’ என்று விடையிறுப்போர் மேல்வகுப்புக்களிலும் உளர். ‘டிட் ஹீ கோ?’ என்பதே திருத்தமானது. யான் பல்லாண்டுகள் இப்பிழையைச் சிவப்பு மையாற் கீறினேனேயன்றி, அதன் காரணத்தை விளக்கினேன் அல்லேன். ஒருநாள் மாணாக்கன் ஒருவன், “ஐயா, போனது முடிந்த செயலாயின் ‘வென்ட்’ என்பதிற் குற்றம் என்ன?” என வினவினான். வினா நேரியது. அதற்குரிய விடை அச்சொல்லின் வரலாற்றில் உள்ளது.

‘டூ’ என்பதன் பழைய ஆங்கில வடிவம் ‘டோன்’. ஜேர்மன் மொழியின் ‘தூன்’ என்னும் வினை இதன் உடன்பிறப்பு. வடமொழி, கிரேக்கம், இலத்தீன் என்பன ஒரு மூலத்தினின்றும் பிறந்தனவாதல் வேண்டும் என 1786ஆம் ஆண்டிற் சேர் வில்லியம் ஜோன்ஸ் கல்கத்தாவில் எடுத்துரைத்தார். அவ்வழி ஆராய்ந்த பின்னோர், ‘டூ’ என்பதும், ‘வைத்தல்’ எனப் பொருள்படும் ‘தா’ என்னும் வடமொழி வினையடியும் ஒருமூலத்தன என நிறுவினர். ஈதற் பொருளுடைய ‘தா’ வேறு, இது வேறு. நாம் வழங்கும் நிதி, சமாதி, விதி என்னும் வடசொற்கள் இவ்வடியினின்றே தோன்றின. ஆங்கிலத்தில் ‘டூம்’ என்னும் பெயரும் அம்மூலத்ததே. அது முன்னர்ச் சட்டம், தீர்ப்பு என்னும் பொருள்களைத் தந்து, பின்னர் ஊழையும் அழிவையுங் குறிப்பதாயிற்று. ‘விதி’ என்பது கட்டளையையும் ஊழையுங் குறித்தல் இங்கே ஒப்புநோக்கத்தக்கது.

‘வைத்தல்’ என்னும் பழம்பொருள் ஆங்கிலத்தில் முற்றாக மறைந்திலது. உடையை அணிதலைக் குறிக்கும் ‘டொன்’ என்பது ‘டூ ஒன்’ என்பதன் குறுக்கம். களைதலைக் குறிக்கும் ‘டொஃப்’ என்பது ‘டூ ஒஃப்’ என்பதன் குறுக்கம். வைத்தற் பொருள் செய்தற் பொருளாதல் தமிழுக்கும் புதிதன்று. ‘இடு’ என்பதும் வைத்தலையே உணர்த்தும். ஆயினும் ‘பார்வையிட்டான்’, ‘முறையிட்டான்’ என்பவற்றில் எவரும் எதனையும் வைத்திலர்.

இவ்வாறு செய்தலைக் குறித்த ‘டூ’, தன் பொருளை இழந்து பிற வினைகளுக்குத் துணையாகி நிற்றலை 13ஆம் நூற்றாண்டு முதலாக நூல்களிற் காணலாம். 16ஆம் நூற்றாண்டில் இவ்வழக்குப் பெருகியது. வினாவிலும் எதிர்மறையிலும் மட்டுமன்றி, வாளா கூறும் உடன்பாட்டுத் தொடர்களிலும் ‘டூ’ புகுந்தது. இவ்வளர்ச்சியை எண்ணிக் கணக்கிட்டு ஆராய்ந்த எல்லெகோர்ட் என்னும் சுவீடன் நாட்டு அறிஞரின் நூல் 1953இல் வெளிவந்தது. செய்யுளில் அடிநிரப்ப ‘டூ’வைப் பெய்வோரைப் போப் என்னும் புலவர் 1711இல் எள்ளினார். உடன்பாட்டில் வேண்டாது வருவதைக் குற்றமுடைய வழக்கென ஜோன்சன் தமது 1755ஆம் ஆண்டு அகராதியின் இலக்கணப் பகுதியிற் குறித்தார். உடன்பாட்டில் அது அருகிற்று. எனினும் வினாவிலும் எதிர்மறையிலும், வற்புறுத்திக் கூறும் இடத்தும், முன்வந்த வினையை மீண்டுங் கூறாது சுட்டும் இடத்தும் நிலைபெற்றது.

இனி, மாணாக்கன் வினாவுக்கு வருவோம். ‘டிட்’ என்னும் துணைவினை இறந்தகாலத்தைக் காட்டும் பொறுப்பை ஏற்றுக்கொண்டது. ஆகவே, ‘கோ’ என்னும் முதல்வினை அதனைச் சுமக்க வேண்டுவதில்லை. ‘டிட் வென்ட்’ என்பது ஒரு சுமையை இருவர் தலையில் ஏற்றுவதாம். இந்நுட்பம் தமிழ்ப் பிள்ளைக்கு அயலானதன்று. ‘நீ போகவில்லை’ என ஒருவர் சாதிக்கின், ‘நான் போகத்தான் செய்தேன்’ என்போம். ஆங்கிலத்தில் ‘ஐ டிட் கோ’ என்பதும் இதுவே. காலத்தைச் ‘செய்தேன்’ காட்ட, ‘போக’ எச்சமாய் நிற்கின்றது. ‘போனேன்தான் செய்தேன்’ என எவருங் கூறார். இதனைக் கரும்பலகையில் எழுதிக் காட்டியபோது, வினவிய மாணாக்கன் தன் பிழையைத் தானே திருத்திக்கொண்டான்.

துணையாகிய ‘டூ’வும் தனித்தியங்கும் ‘டூ’வும் ஒருங்கே வருதலும் உண்டு. முதன்முறை சந்திப்போர் முகமன் கூறும் ‘ஹவ் டூ யூ டூ’ என்னுந் தொடரில் முன்னது துணை, பின்னது முதல்வினை. அதனைக் கேட்டவுடன் தம் நோய்நொடிகளை விரித்துரைத்தல் வேண்டா. அதே தொடரைத் திருப்பிக் கூறலே மரபு. ‘தட் வில் டூ’ என்பதற்குப் ‘போதும்’ என்பது பொருள். ‘டூ அவே வித்’ என்பது ஒழித்தலையும், ‘டூ விதவுட்’ என்பது ஒன்றின்றி அமைதலையும் உணர்த்தும். இத்தொடர்களைச் சொல்லுக்குச் சொல் பெயர்ப்பின் பொருள் சிதையும்.

பிழையைக் கீறுதல் எளிது; பிழைத்தவனுக்குக் காரணங் காட்டுதலே கற்பித்தல். அக்காரணம் சிலவேளை அவன் தாய்மொழியிலேயே இருக்கின்றது. பிறமொழி கற்பிப்போர் தம்மொழி இலக்கணத்தை நன்கு அறிந்திருத்தல் வேண்டும் என்பதை அம்மாணாக்கனே எனக்கு உணர்த்தினான்.