தோற்கட்டிகளின் ஆழத்தை மதிப்பிடுவதில் மீயொலிப் படிமவியல்

முன்னுரை

தோலின் மேல் எழும் கட்டியை எவரும் கண்ணால் காணலாம்; அது எவ்வளவு ஆழம் இறங்கியுள்ளது என்பதைக் கண்ணால் அறிய இயலாது. மெலனோமா என்னும் தோற்புற்றில் நோயின் போக்கை முன்னுணர்த்தும் முதன்மை அளவு அவ்வாழமே என்பதை 1970இல் அலெக்சாண்டர் பிரெஸ்லோ எடுத்துக்காட்டினார். ‘பிரெஸ்லோ தடிப்பு’ எனப்படும் இவ்வளவு, கட்டியை வெட்டியெடுத்த பின்னரே நுண்ணோக்கியில் அளக்கப்படுகிறது. அதனை முன்னரே மதிப்பிட மீயொலி உதவும் வகையை இக்கட்டுரை விளக்குகிறது.

அதிர்வெண்ணும் ஆழமும்

மென்திசுவில் ஒலி நொடிக்கு ஏறத்தாழ 1540 மீட்டர் செல்கிறது. எனவே 5 மெகாஹெர்ட்சில் அதன் அலைநீளம் ஏறத்தாழ 0.3 மி.மீ.; 20 மெகாஹெர்ட்சில் ஏறத்தாழ 0.08 மி.மீ. அலைநீளம் குறையக் குறைய நுண்ணிய வேறுபாடுகள் புலப்படும். ஆனால் ஒலி விரைவில் தேய்ந்துவிடும். 20 மெகாஹெர்ட்ஸ் ஒலி சில மில்லிமீட்டர் ஆழமே செல்லும். மெல்லிய கட்டிகளுக்கு அது போதுமானது.

படிமம் உணர்த்துவன

கொலாஜன் இழைகள் நிறைந்த அடித்தோல் ஒலியை மிகுதியாக எதிரொலித்து வெண்மையாகத் தெரியும். உயிரணுக்கள் செறிந்த கட்டி, எதிரொலி குன்றிக் கருமையாகத் தெரியும். இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட எல்லையே ஆழத்தைக் காட்டுகிறது. டாப்ளர் முறை கட்டியினுள் பாயும் குருதியோட்டத்தைக் காட்டும். கருவியின் முனையை அழுத்தினால் நுண்குழல்கள் மூடிக்கொள்ளும், கட்டியும் தட்டையாகும். ஆகவே ஜெல்லைத் தடிப்பாகப் பூசி, அதன்மேல் முனையை மென்மையாக வைத்தல் வேண்டும்.

வரையறைகள்

கட்டியின் அடியில் திரளும் அழற்சி அணுக்களும் கருமையாகவே தெரிவதால், ஆழம் மிகையாக அளக்கப்படலாம். அம்மிகை சிறிதாயினும் அதன் விளைவு பெரிது. 1 மி.மீ. வரை தடிப்புள்ள மெலனோமாவுக்குச் சுற்றிலும் 1 செ.மீ. தோலையும், 2 மி.மீ.க்கு மேற்பட்டதற்கு 2 செ.மீ. தோலையும் சேர்த்து அகற்றுவது மருத்துவ வழக்கம். கருநிறத் தோலினரிடையே இந்நோய் அரிது. தோன்றுங்கால் உள்ளங்கால், உள்ளங்கை, நகத்தடி ஆகிய இடங்களிலேயே மிகுதியும் காணப்படுகிறது. உள்ளங்காலில் தேவைக்கு மேல் அகற்றப்படும் தோல் நோயாளியின் நடையையே பாதிக்கக்கூடும். அங்குள்ள தடித்த கொம்புப்படலம் ஒலியைத் தடுத்துப் படிமத்தையும் மங்கச் செய்கிறது.

முடிவுரை

மீயொலி, கட்டியின் பரப்பையும் ஆழத்தையும் கதிர்வீச்சின்றி உணர்த்துகிறது. ஆனால் அக்கட்டி தீங்கற்றதா, புற்றா என்பதை உறுதி செய்வது திசுப் பரிசோதனையே. கட்டியின் மிக ஆழமான பகுதி எது எனக் காட்டித் திசு எடுக்க வேண்டிய இடத்தைத் தெரிவு செய்ய உதவுவதாலும், அறுவையை முன்கூட்டித் திட்டமிட வழிசெய்வதாலும், மீயொலி நுண்ணோக்கிக்கு மாற்றாகாது துணையாகவே நிற்கிறது.